ஐந்நூறாவது தட்டு

(வேப்பம்பட்டில் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிவியில் சமைத்துக் காட்டுகிறவர்களுக்கு நிஜமாகவே சமையல் தெரியுமா? இதுதான் எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு. அழைப்பிதழில் கேள்விக்குறியோடு அச்சடித்திருக்கிறீர்கள். செஃப் தாமுவையும் வெங்கடேஷ் பட்டையும் இந்த ஆள் இன்றைக்கு ஒரு பிடி பிடிக்கப் போகிறார் என்று நினைத்து யாராவது வந்திருந்தால் அவர்களுக்கு ஏமாற்றம்தான். பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் தமிழ் டிவியில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் தொழில் தெரிந்தவர்கள்தான். ஆனால் அது டிவியைப் பார்த்து நான் தெரிந்துகொண்ட விஷயம் கிடையாது. டிவியைப் பார்த்து அதை யாரும் தெரிந்துகொள்ளவும் முடியாது. மீதி நேரம் முழுக்க இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் பேசப் போகிறேன்.

என் பிழைப்பு கேண்டீன். ஆரம்பத்தில் நட்சத்திர ஹோட்டல் கிச்சனில் வெங்காயம் உரித்தேன். அப்புறம் கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டை என்று ஆலை ஆலையாகக் கேண்டீன் பார்த்து ஓய்வு பெற்றேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் விடிகாலையில் கம்பெனி பஸ்ஸிலோ லோக்கல் ரயிலிலோ ஏறிப் போகிறவர்கள். உங்களில் சிலர் என் சாம்பாரைத் திட்டியும் இருப்பீர்கள்.

முதலில் ஆட்களைப் பார்ப்போம். தாமு ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்து, ஹோட்டல் கிச்சன்களில் வேலை பார்த்து, அந்தத் துறையிலேயே முனைவர் பட்டமும் வாங்கியவர். தென்னிந்திய சமையல் கலைஞர்கள் சங்கத்துக்குத் தலைமை ஏற்றவர். 2010இல் 24 மணி நேரத்துக்கு மேல் ஓயாமல் தனியாகச் சமைத்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார். ஒரு ராத்திரி முழுக்க அடுப்பு முன்னால் நிற்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கால் நரம்பு முறுக்கிக்கொள்ளும், கண் எரியும், நாக்கு மரத்துப்போகும். அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு. ஆனால் கின்னஸ்காரர்கள் எண்ணியது பதார்த்தங்களையும் மணிகளையும்தான். ருசிக்கு கின்னஸ் கிடையாது.

வெங்கடேஷ் பட் 'சவுத் இண்டீஸ்' என்ற தென்னிந்திய சைவ உணவகத்தைப் பெங்களூரிலும் சென்னையிலும் உருவாக்கி நடத்தியவர். அக்கார்ட் ஹோட்டலில் பெரிய பொறுப்பில் இருந்தவர். விஜய் டிவியில் 'சமையல் சமையல்' செய்தபோது அவர் கையைக் கவனித்திருக்கிறீர்களா? பேச்சு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். கத்தியின் நுனி பலகையை விட்டு எழும்பாது. இடது கை விரல்கள் உள்பக்கம் மடங்கியிருக்கும். முட்டி மட்டும் கத்திக்கு வழிகாட்டும். நறுக்கியதைப் பாத்திரத்தில் தள்ளும்போது கத்தியின் முதுகால் தள்ளுவார், கூர்ப்பக்கத்தால் அல்ல. இதையெல்லாம் யாரும் கேமராவுக்காகக் கற்றுக்கொள்ள முடியாது. மேலே நின்ற பெரிய மாஸ்டர் கரண்டிக் காம்பால் விரல் முட்டியில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது.

இன்றைய பிள்ளைகள் மறந்துபோன ஒருவர் ஜேக்கப். தேனிப் பக்கம் உத்தமபாளையத்துக்காரர். சன் டிவியில் 'ஆஹா என்ன ருசி' அவருடையது. கொங்கு நாட்டுச் சமையலைத் தேடிப் போய், கேட்டு, செய்து பார்த்து, சென்னையில் சாப்பிட வைத்தவர். 2012 நவம்பரில் 38 வயதில் திடீரென்று இறந்துபோனார். டிவி செஃப் என்று இன்றைக்கு அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர் அதற்கும் மேலே. ஒரு வட்டாரத்துச் சாப்பாட்டைப் பாட்டிமார்களின் அடுப்படியிலிருந்து ஹோட்டல் மெனுவுக்குக் கொண்டுவருவது சின்ன வேலை இல்லை. அளவு எழுதாத சமையலுக்கு அளவு எழுத வேண்டும். அதுவும் ருசி கெடாமல் எழுத வேண்டும்.

மாதம்பட்டி ரங்கராஜ் வேறு பாதையில் வந்தவர். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்யாணச் சமையல் குடும்பம். அப்பா தொழிலைப் பிள்ளை எடுத்துப் பெரிதாக்கினார். நடுவில் 2019இல் 'மெஹந்தி சர்க்கஸ்' படத்தில் கதாநாயகனாகவும் நடித்தார். கல்யாணப் பந்தி என்பது எப்படிப்பட்ட பரீட்சை என்று கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறேன்.

இப்போது 'குக் வித் கோமாளி'க்கு வருவோம். 2019 நவம்பரில் ஆரம்பித்தது. ஊரடங்கு காலத்தில் வீட்டுக்கு வீடு ஓடியது. 2024இல் நடுவர் வெங்கடேஷ் பட் அங்கிருந்து கிளம்பி சன் டிவியின் 'டாப் குக்கு டூப் குக்கு'க்குப் போனதும், அந்த நாற்காலியில் ரங்கராஜ் வந்து உட்கார்ந்ததும், தேர்தல் கூட்டணி மாறியது போல ஊரெல்லாம் அலசப்பட்டது. ஒரு விஷயம் கவனியுங்கள். அந்த நிகழ்ச்சியில் சமைக்கத் தெரிந்தவர்கள் யார்? நடுவர்கள். அவர்கள் சமைப்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ருசி பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள், சிரிக்க வைக்கிறார்கள். அடுப்பு முன்னால் நிற்பது நடிகர், நடிகை, பாடகர். அவர்களோடு ஒரு கோமாளி, வேலையைக் கெடுப்பதற்கென்றே. தமிழ்நாட்டில் இத்தனை பேசப்பட்ட ஒரு சமையல் நிகழ்ச்சியில் சமையல்காரர்கள் சமைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்! குறையாகச் சொல்லவில்லை. நானும் பார்த்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். அது சிரிப்பு நிகழ்ச்சி. அடுப்பு அதில் ஒரு மேடைச் சாமான்.

2021இல் விஜய் சேதுபதி நடத்திய 'மாஸ்டர்செஃப் தமிழ்' கொஞ்சம் கண்டிப்பானது. 1990இல் பிபிசியில் பிறந்த நிகழ்ச்சியின் வம்சம் அது. அதிலும் போட்டியாளர்கள் வீட்டுச் சமையல்காரர்கள்தான். தொழில்முறை ஆட்களுக்கு இடமில்லை.

வீட்டுச் சமையல்காரர்கள் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழர்களுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்த பெரிய ஆசிரியர்கள் யாரும் ஹோட்டலில் வேலை பார்த்தவர்கள் இல்லை. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் 'சமைத்துப் பார்' எழுதினார். கல்யாணமாகி அமெரிக்கா போன எத்தனையோ பெண்களின் பெட்டியில் அந்தப் புத்தகம் போயிருக்கிறது. மல்லிகா பத்ரிநாத் 1988இல் கிரேவிகள் புத்தகத்தோடு வந்தார்; பிறகு டிவிக்கும் வந்தார். கவிஞர் கண்ணதாசனின் மகள் ரேவதி சண்முகம் பேசிக்கொண்டே செட்டிநாட்டுக் குழம்பு வைக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுப்பது போலவே இருக்கும். வடக்கே தர்லா தலால், 1966இல் வீட்டில் வகுப்பு எடுக்க ஆரம்பித்து, பத்மஸ்ரீ வரை போனார். இவர்கள் யாரையும் ஒரு ஹோட்டல் கிச்சனில் ராத்திரி எட்டு மணிக் கூட்டத்தில் நிறுத்தினால் திணறியிருக்கலாம். அதனால் என்ன? அவர்கள் செய்ததாகச் சொன்னது வேறு வேலை. அதைச் சுத்தமாகச் செய்தார்கள்.

அமெரிக்காவில் ஜூலியா சைல்ட் என்ற அம்மையார். 1949இல் பாரிஸில் சமையல் பள்ளியில் சேர்ந்தார், 1963இல் டிவிக்கு வந்தார். நிகழ்ச்சியின் பெயர் 'தி ஃபிரெஞ்ச் செஃப்'. அவர் பிரெஞ்சுக்காரரும் இல்லை, உணவகம் நடத்தியவரும் இல்லை. அதை அவர் மறைத்ததும் இல்லை. ஒரு தடவை உருளைக்கிழங்கு அடையைத் திருப்பிப் போட வாணலியைத் தூக்கிச் சுண்டினார். பாதி அடை அடுப்பு மேல் விழுந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பொறுக்கி வாணலியில் சேர்த்து அமுக்கிவிட்டு, சமையலறையில் நீங்கள் தனியாகத்தானே இருக்கிறீர்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். பின்னால் அந்தக் கதை வளர்ந்து, முழுக் கோழியைத் தரையில் போட்டார் என்று ஆகிவிட்டது. என் அபிப்பிராயத்தில் அத்தனை வருஷ டிவி சமையலில் அதுபோல உண்மையான நிமிஷங்கள் ரொம்பக் குறைவு. விழுந்ததைக் காட்டினார் இல்லையா, அதனால்தான்.

பொதுவாக டிவியில் எதுவும் விழாது. ஏன் விழாது என்று சொல்கிறேன். ஒரு படப்பிடிப்புக்கு உதவி ஆளாகப் போயிருக்கிறேன். எந்தச் சேனல் என்பது வேண்டாம். அன்றைக்கு அல்வா. மேடையில் ஒரு கடாய். மேடைக்குப் பின்னால் தட்டி மறைத்த இடத்தில் இன்னும் மூன்று கடாய். ஒன்றில் மாவுப்பால் கரைத்த நிலை, ஒன்றில் பாதி இறுகிய நிலை, ஒன்றில் நெய் பிரிந்து பளபளவென்று முடிந்த நிலை. மேடையில் இருப்பவர் இரண்டு கிளறு கிளறுவார். "கட்" என்பார்கள். கடாய் மாறும். மறுபடி இரண்டு கிளறு. கை வலிக்கக் கிளறிய அல்வா நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். பின்னால் மூன்று கடாயையும் கிளறியது யார்? மேடையில் நின்றவரின் ஹோட்டலிலிருந்து வந்த ஒரு பையன். டைட்டிலில் பெயர் வராது. கடுகு தாளிக்கும்போது கோணம் சரியில்லை என்று நிறுத்தினார்கள், கடுகு கருகிவிட்டது, புது எண்ணெய், புதுக் கடுகு. லைட் சூட்டில் கொத்தமல்லி பத்து நிமிஷத்தில் துவண்டது. தண்ணீரில் போட்டு வைத்திருந்த வேறு கட்டு வந்தது. கடைசியில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடி, "ம்ம்ம்" என்றார் பாருங்கள், அந்த அல்வா ஆறிப்போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் அல்வாவைக் காட்ட வேறு வழி இல்லை. அந்த ஆளுக்கு அல்வா கிளறத் தெரியும் என்று எனக்குத் தெரியும், அவரோடு வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் இடத்தில் அல்வாவே கிளறத் தெரியாத ஒரு அழகான முகத்தை நிறுத்தியிருந்தாலும் நீங்கள் பார்த்த காட்சி அப்படியேதான் இருந்திருக்கும். ஒரே ஒரு வித்தியாசம் கூடத் தெரிந்திருக்காது. டிவிக்கு வாசனை கிடையாது, ருசி கிடையாது. பதம் தவறியதா என்று பார்க்கக் கை விரல் கிடையாது.

பார்க்கிற நாம் மட்டும் ஏமாறுவதில்லை, சேனல்காரர்களே ஏமாறுவார்கள். 2008இல் அமெரிக்காவின் ஃபுட் நெட்வொர்க்கில் ராபர்ட் இர்வின் என்பவர் கொடிகட்டிப் பறந்தார். இங்கிலாந்து ராஜகுடும்பத்துக் கல்யாண கேக்கில் தன் கை இருந்தது என்கிற அளவுக்குப் பேசியிருந்தார். பத்திரிகை ஒன்று தோண்டிப் பார்த்தது. அளந்து விட்டிருந்தார் என்று தெரிந்தது. அவரே ஒப்புக்கொண்டார், நிகழ்ச்சியிலிருந்து விலக்கினார்கள். கொஞ்ச நாள் கழித்துத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள், அது தனிக்கதை. இதில் வேடிக்கை என்னவென்றால் மனிதருக்குச் சமையல் தெரியும், கடற்படையில் சமைத்தவர். இருந்தும் அந்தப் பின்னணி போதவில்லை, ராஜகுடும்பம் தேவைப்பட்டிருக்கிறது.

சரி, அப்படியானால் சமையல்காரன் என்று யாரைச் சொல்வது? என் அளவுகோலைச் சொல்கிறேன். முதல் தட்டைப் பார்க்காதீர்கள். ஐந்நூறாவது தட்டைப் பாருங்கள்.

வீட்டில் அஞ்சு பேருக்கு சாம்பார் வைக்கிறவர் ஐந்நூறு பேருக்கு வைக்க எல்லாவற்றையும் நூறால் பெருக்கினால் போதும் என்று நினைப்பார். பெருக்கினால் அன்றைக்கு ஆலையில் கலவரம்தான். சின்னப் பாத்திரத்தில் கொதிக்கும்போது தண்ணீரில் நல்ல பங்கு ஆவியாகிவிடும். ஆழமான தேக்சாவில் வாய் சின்னது, வயிறு பெரிது. அந்த அளவுக்குச் சுண்டாது. அதனால் தண்ணீரை நூறு மடங்கு விட்டால் ரசம் கிடைக்கும். புளியும் மிளகாயும் உப்பும் அதே கணக்கில் ஏறாது. குறைத்துப் போட்டு, ருசி பார்த்து, ஏற்ற வேண்டும். எங்களிடம் ஒரு சரக்கு மாஸ்டர் இருந்தார். உப்பை ஒருபோதும் ஒரே தடவையில் போடமாட்டார். பருப்பு வெந்ததும் ஒரு பங்கு, புளி ஊற்றிக் கொதித்ததும் ஒரு பங்கு. கடைசிப் பங்கு, பரிமாறுகிற இடத்துக்குத் தூக்குவதற்கு முன்னால். அதற்கும் முன்னால் ஒரு கரண்டி சாம்பாரைக் கிண்ணத்தில் ஊற்றி, ஆறவிட்டு, வெறும் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுப் பார்ப்பார். சூட்டில் உப்பு தெரியாது, சோறு சேர்ந்தால்தான் தெரியும் என்பது அவர் கட்சி. எந்த டிவி நிகழ்ச்சியிலும் ஒருவர் அப்படி உட்கார்ந்து சோற்றில் பிசைந்து உப்புப் பார்த்ததை நான் பார்த்ததில்லை.

சோறு அதைவிடப் பெரிய விஷயம். தேக்சா நிறைய வேகும் அரிசி, அடுப்பை அணைத்த பிறகும் தன் சூட்டிலேயே வேகும். வீட்டுப் பதத்தில் வடித்தால், பரிமாறும்போது அடிச் சோறு களி. முக்கால் பதத்துக்குக் கொஞ்சம் மேலே, நடுவில் ஊசி முனை அளவு வெள்ளை தெரியும்போதே வடிக்க வேண்டும். விரலில் நசுக்கிப் பார்த்து அந்த நிமிஷத்தைப் பிடிக்கிறவர்தான் சமையல்காரர். கல்யாணப் பந்தி என்று சொன்னேனே, அதில் இந்த நிமிஷம் ஒரே காலையில் பத்து இடத்தில் வரும். முதல் பந்திக்கும் நாலாவது பந்திக்கும் ரசம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சம்பந்தி வீட்டார் எந்தப் பந்தியில் உட்காருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. யூடியூபில் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' பார்க்கிறீர்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துக்காரர்கள். 2018இல் ஆரம்பித்து, 2021இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்ட முதல் தமிழ் சேனல். பேரப்பிள்ளைகள் உரக்கக் கத்துகிறார்கள், அதை எல்லோரும் ரசிக்கிறார்கள். நான் பெரியதம்பித் தாத்தாவை மட்டும்தான் பார்ப்பேன். விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுத்தவர் அவர். கொப்பரை முன்னால் அவர் எங்கே நிற்கிறார், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, விறகை எப்போது பின்னால் இழுக்கிறார் என்று பாருங்கள். அது கேமரா வருவதற்கு ரொம்ப முன்னாலேயே கற்றது.

ருசியையும் விட்டுவிடுங்கள். இந்தத் தொழிலில் எதைவிடவும் பெரிய திறமை, சாப்பிட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நம் மாவட்டத்தில் சிரிக்க முடியாது. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லியை அடுத்த விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமானது. 159 பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர்கள் தோழிகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். விடுதிச் சமையற்கட்டை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது எலியும் ஒழுங்கில்லாத வடிகாலும் இருந்ததாகச் செய்தி வந்தது. ஆலையை மூடி, 2022 ஜனவரி 12இல்தான் திறந்தார்கள். உலகம் முழுக்கப் பேசப்பட்ட அந்த ஆலையை நிறுத்தியது எந்திரக் கோளாறு இல்லை, ஒரு சமையற்கட்டு.

இதற்குள் ஒரு சின்ன அறிவியல் இருக்கிறது. சமைத்த சாப்பாடு 60 டிகிரிக்கு மேலே சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். நடுவில் கிடந்தால் கிருமிக்குக் கல்யாணம். சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி உண்டு. அதன் வித்து கொதிக்கிற தண்ணீரிலும் சாகாது. வெதுவெதுப்பாக ஆறுகிற சோற்றில் முளைத்து, விஷத்தைக் கக்கும். அந்த வாந்தி விஷம், மறுபடி சுட வைத்தாலும் போகாது. ஆழமான தேக்சாவில் மிஞ்சிய சோற்றை மூடி வைத்தால் நடுப்பகுதி ஆற ராத்திரி முழுக்க ஆகும். அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும், உடனே குளிர்பெட்டிக்குள் வைக்கலாம். தட்டில் பரப்புவதைக் காட்டினால் எந்த டிவி நிகழ்ச்சிக்கும் ரேட்டிங் வராது, தெரியும். ஆனால் ஒரு கிச்சன் பொறுப்பாளருக்குத் தொழில் தெரியுமா என்று பார்க்க நான் அவர் பிரியாணியைக் கேட்கமாட்டேன். நேற்று மிஞ்சியதை என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்பேன்.

இன்னொன்று காசு. ஹோட்டல்காரர்கள் கணக்கில், நூறு ரூபாய் பில்லில் பொருளுக்கு 30, 35 ரூபாய்க்கு மேல் போனால் கடை தள்ளாடும். தக்காளி விலை திடீரென்று ஏறினாலும் குழம்பு நிறம் மாறக் கூடாது, தட்டு விலையும் ஏறக் கூடாது. டிவியில் முந்திரியை ஒரு கை அள்ளிப் போடுவார்கள். யாருடைய முந்திரி? ஜேமி ஆலிவர் லண்டனில் ரிவர் கஃபேயில் அடுப்படியில் நின்று வேலை பார்த்தவர். ஒரு ஆவணப்படத்தில் தற்செயலாகத் தலைகாட்டி, 1999இல் டிவி நட்சத்திரமானார். கைத்திறமையில் சந்தேகமே இல்லை. அப்படியும் பிரிட்டனில் அவர் பெயரில் ஓடிய இத்தாலிய உணவகச் சங்கிலி 2019 மே மாதம் கவிழ்ந்தது. மறுபக்கம் கார்டன் ராம்சே. டிவியில் கெட்ட வார்த்தையாகப் பொழிகிறார். ஆனால் 1998இல் அவர் லண்டனில் திறந்த உணவகம் 2001இல் மூன்று மிஷெலின் நட்சத்திரம் வாங்கி, அதை விடாமல் வைத்திருக்கிறது. டிவியில் ஒருவர் எவ்வளவு இனிமையாகப் பேசுகிறார், எவ்வளவு கத்துகிறார் என்பதற்கும் அவர் கடை நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு இந்த இரண்டு பேரே போதும்.

டிவியால் நன்மையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சஞ்சீவ் கபூர் மும்பை சென்டார் ஹோட்டலில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். 1993இல் ஜீ டிவியில் 'கானா கஜானா' ஆரம்பித்தார். அதற்கு முன்னால் கேட்டரிங் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால், "கரண்டி பிடிக்கவா உன்னைப் படிக்க வைத்தோம்" என்பார்கள். எனக்கும் அந்த அர்ச்சனை நடந்தது. பெண் கொடுக்க வந்தவர்கள் "மாப்பிள்ளை சமையலா?" என்று இழுத்தார்கள். இன்றைக்கு அதே பெரியவர்கள் பேரனை செஃப் ஆக்கத் தரமணி கேட்டரிங் கல்லூரிக்குக் கூட்டிப் போகிறார்கள். ஒரு தொழிலுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தார்கள் டிவிக்காரர்கள். மறுக்கவே மாட்டேன்.

ஆனால் அந்த மரியாதை வெள்ளைக் கோட்டோடு நின்றுவிட்டது. சத்துணவுக் கூடத்தில் காலையிலேயே அடுப்பு மூட்டுகிற ஆயா, மெயின் ரோட்டில் தோசைக்கல் முன்னால் சட்டை நனைய நிற்கிற மாஸ்டர், சிப்காட்டில் நைட் ஷிப்டுக்கு விடிய விடியச் சமைக்கிறவர், இவர்கள் யாரையும் யாரும் செஃப் என்று கூப்பிடுவதில்லை, கூப்பிட்டாலும் சம்பளம் ஏறப் போவதில்லை. ஐந்நூறாவது தட்டை நாள்தோறும் போடுகிறவர்கள் இவர்கள்தான்.

முன்வரிசையில் பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கிறீர்கள். செஃப் ஆக ஆசைப்படுகிறவர்கள் கை தூக்குங்கள்... பரவாயில்லையே, நாலைந்து கை. படியுங்கள். தரமணியில் மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. பட்டப்படிப்புக்குக் காசில்லை என்றால் ஐடிஐயில் ஓராண்டு உணவுத் தயாரிப்புப் படிப்பு உண்டு. ஆனால் சேருவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது மண்டபத்துக்குப் போய், கல்யாணச் சமையல் மாஸ்டரிடம் கேட்டு, விடிகாலை மூன்று மணியிலிருந்து பந்தி முடிகிற வரைக்கும் கூட நில்லுங்கள். தேங்காய் துருவுங்கள், பாத்திரம் கழுவுங்கள். மறுநாளும் போக மனசு வந்தால் தாராளமாகச் சேரலாம்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 250 தொழிலாளிகளுக்கு மேல் இருக்கிற ஆலையில் கேண்டீன் நடத்தச் சொன்னது. 2020ஆம் வருஷத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 100 ஆக்கியிருக்கிறது. கேண்டீனை நடத்துவதில் தொழிலாளிகளும் உட்காரும் கமிட்டிக்கு அந்தப் பழைய சட்டத்திலேயே வழி வைத்தார்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கமிட்டிக்குப் பெயர் கொடுக்க யாரும் முண்டியடிப்பதில்லை. நாளைக்கு ஷிப்டுக்குப் போனதும் பெயர் கொடுங்கள். கமிட்டிக்காரராகச் சமையற்கட்டுக்குள் போனால் மூன்று கேள்வி கேளுங்கள். நேற்று மிஞ்சிய சோறு எங்கே? சாப்பாட்டைக் கையாளுகிற 25 பேருக்கு ஒருவர் வீதம், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டுமே, அவர் யார், சான்றிதழ் எங்கே? அப்புறம், இங்கே சமைக்கிறவருக்கு மாதம் என்ன சம்பளம்? மூன்றாவது கேள்விக்குச் சரியான பதில் வராவிட்டால் முதல் இரண்டுக்கு வந்த பதிலை நம்பாதீர்கள்.